பதினான்காம் கேள்விக்கு வந்த பதில்

1

இந்தக் கதையை எழுத எனக்கு உரிமை இல்லை. பேட்டியில் கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதனால் இதில் வரும் பெண்ணுக்குப் பெயர் வைக்கவில்லை. தொழிலையாவது மாற்றுவோமே என்று தையல்காரி ஆக்கிப் பார்த்தேன். இரண்டு பத்தி தாண்டுவதற்குள் அவள் வேறு யாரோ ஆகிவிட்டாள். ஆகவே உள்ளபடியே எழுதுகிறேன். ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுபவள். வயது முப்பத்து நான்கு. மூன்று பெண்கள். மூத்தவளைப் பெற்றபோது அவளுக்குப் பதினாறு.

நான் அப்போது ஓர் உளவியல் பேராசிரியரிடம் வேலை பார்த்தேன். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு, பதிலை எண்ணாக்கிக் கொண்டுவர வேண்டும்.

2

முதல் தொடக்கம்: ‘நீராவி மண்டிய அந்த அறையில் அவள்...’

வேண்டாம். அந்த அறையை நான் பார்த்ததே இல்லை.

இரண்டாவது தொடக்கம், கொஞ்சம் கட்டுரை வாசனையோடு: சாவு பக்கத்திலேயே இருக்கும் இடத்தில் உயிர்கள் அவசரப்படும்; சீக்கிரம் வளர்ந்து, சீக்கிரம் ஈன்று, நிறைய ஈனும். ஆபத்து குறைந்த இடத்தில் நிதானமாக வளர்ந்து, ஒன்றிரண்டைப் பெற்று, நெடுநாள் காக்கும். எலி ஒரு முனை, யானை மறு முனை. மனிதர்களுக்குள்ளும் இப்படி வேக வாழ்க்கைக்காரர், நிதான வாழ்க்கைக்காரர் உண்டு, இருபது கேள்விகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது எங்கள் ஆய்வு.*

(* யானையிடம் யாரும் கேள்வித்தாளை நீட்டவில்லை. எத்தனை வயதில் ஈன்றது, எத்தனை ஈன்றது, எப்போது செத்தது என்று பார்த்துக் குறித்தார்கள். நாங்களோ ‘உங்களுக்கு நண்பர்கள் உதவுவார்களா’ என்று கேட்டு, அதையும் கூட்டி ஒரே எண்ணாக்கினோம். இரண்டும் ஒன்றையே அளக்கின்றனவா என்று பேராசிரியரிடம் ஒருமுறை கேட்டேன். “அது நல்ல கேள்வி” என்றார். அதோடு சரி.)

3

அவளைப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் வீட்டுச் சமையலறையில். கடைக்குட்டியின் பள்ளிச் சீருடைக்கு விளிம்பு தைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

“‘நான் எதையும் முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்பவள்.’ இது உங்களுக்கு எவ்வளவு பொருந்தும்? ஒண்ணுன்னா பொருந்தவே பொருந்தாது. ஏழுன்னா முழுக்கப் பொருந்தும்.”

“திட்டமா? எனக்கு எங்கங்க அதுக்கெல்லாம் நேரம். ஒண்ணே போட்டுக்கோங்க.”

பாவாடையின் விளிம்பை அவள் நான்கு விரல்கடை உள்ளே மடித்திருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சு விட்டா மூணு வருஷத்துக்குத் தாங்கும்” என்றாள்.

நான் ஒன்று என்ற எண்ணைச் சுற்றி வட்டம் போட்டேன். பதிலுக்கு நாமாகப் பொருள் சொல்லக் கூடாது என்பது விதி.

பதினான்காவது கேள்வி இது: ‘என் முதல் குழந்தையைச் சரியான வயதில் பெற்றேன்.’ அதற்கு அவள் ஊசியை நிறுத்திவிட்டு ஏதோ சொன்னாள். எண்ணாகச் சொல்லுங்கள் என்றேன். யோசித்தாள்.

“அப்ப ரெண்டு” என்றாள்.

4

அதே ஆள் மறுமுறையும் அதே பதிலைச் சொல்கிறாரா என்று பார்க்க, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போக வேண்டும். போனேன். மூத்த பெண் கதவைத் திறந்தாள். பதினெட்டு வயது.

“அம்மா இல்லையாம்மா?”

“இல்லக்கா. போன மாசம் இறந்துட்டாங்க. வேலையில நின்னுட்டு இருக்கும்போதே விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள...”

[இங்கே நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டதாக எழுதி, அடித்துவிட்டேன். பிடிக்கவில்லை. கேள்வித்தாள் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.]

உள்ளே இரண்டு தங்கைகளும் சண்டை போடும் சத்தம் கேட்டது. “கொஞ்சம் சும்மா இருங்கடி” என்று அதட்டிவிட்டு என்னிடம் திரும்பினாள். அந்தக் குரல் அம்மாவுடையது.

“அன்னைக்கு அந்த ரூம்ல இருந்து கேட்டுட்டுதான் இருந்தேன். என்னைப் பத்தி ஒரு கேள்வி கேட்டீங்கல்ல. அம்மா என்ன சொன்னாங்கன்னு சரியாக் காதுல விழல. அப்புறம் நானும் கேக்கல. அந்தப் பேப்பரைக் கொஞ்சம் காட்டுறீங்களா?”

“அதுக்கு அனுமதி இல்லம்மா.”

“அவங்கதான் இல்லையே.”

“இருந்தாலும்... ரூல்ஸ்மா.”

“சரிக்கா” என்றாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அலுவலகத்தில் அம்மாவுக்கான வரிசையில் ‘மறுபேட்டி கிடைக்கவில்லை’ என்று பதிந்தேன். அவளுடைய மதிப்பெண், வேக வாழ்க்கை. சராசரியைப் பாதிக்காத ஒரு வரி.

5

இதுவரை உங்களிடமும் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். ஊசியை நிறுத்திவிட்டு அவள் சொன்னது:

“சரியான வயசு இல்லதாங்க. ரொம்பக் கஷ்டப்பட்டேன். ஆனா நாலு வருஷம் கழிச்சுப் பெத்திருந்தா வேற ஏதோ ஒரு பிள்ளைதானே பொறந்திருக்கும்? இவ வந்திருக்க மாட்டாளே. அதை எப்படிங்க வேணாம்னு சொல்றது.”

அதற்குத் தாளில் கட்டம் இல்லை. எனக்குப் போக வேண்டிய வீடு இன்னும் இரண்டு இருந்தது.

தாளைக் காட்டியிருந்தால் அந்தப் பெண் ‘இரண்டு’ என்பதைப் பார்த்திருப்பாள். அம்மாவுக்குத் தன்னால் வருத்தம் என்று எடுத்துக்கொண்டிருப்பாள். காட்டாமல் இருந்தது நல்லதுதான் என்று சில நாள் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் விதி தடுத்தது தாளைத்தானே. வாயை யார் தடுத்தது? அந்த வார்த்தைகளை நான் எங்கேயும் பதியவில்லை. அவை எந்த ஆய்வுக்கும் சொந்தமில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொந்தம்.

6

அடுத்த வருடம் போனேன். அந்த வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. மூன்று பெண்களையும் சித்தி வந்து கூட்டிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று தெரியவில்லை.

ஒரு முடிவில் நான் மூத்தவளைப் பேருந்து நிறுத்தத்தில் சந்திக்கிறேன். எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது. அதனாலேயே கிழித்தேன். இன்னொன்றில், வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், அவள் அழுகிறாள், நான்...

இல்லை. நான் சொல்லவில்லை.

இப்போது அவளுக்கு இருபத்தேழு இருக்கும். இரண்டு தங்கைகளை வளர்த்தவள். உங்கள் அலுவலகத்தில் இருக்கலாம், பக்கத்து வீட்டில் இருக்கலாம். பதினெட்டில் அம்மாவை இழந்ததாக யாராவது பேச்சுவாக்கில் சொன்னால், அம்மா என்ன வேலை பார்த்தார் என்று கேளுங்கள். இஸ்திரி என்று சொன்னால், இந்தப் பக்கத்தை அவளிடம் கொடுத்துவிடுங்கள். ஐந்தாம் பகுதி மட்டும் போதும். மற்றதெல்லாம் என்னைப் பற்றியது.