ஆசாரியர் வீட்டு நாகமுத்து

1

வணக்கம். வாசிக்கிற எல்லாரும் சுகமோ? பிரஷர் குளிசை போட்டாச்சோ? முழங்கால் என்ன சொல்லுது? என்ரை முழங்கால் நேற்று முழுக்கக் கதைச்சது, நான் காது குடுக்கேல்லை. சரி, விஷயத்துக்கு வாறன்.

இந்தக் கதை என் தலையில் முளைத்ததல்ல. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இது எதிர்வீட்டு மதுமதி கொண்டுவந்து போட்டது. ஜேர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் எங்கள் கட்டடத்தின் நாலாம் மாடியில் அவளுடைய கதவும் என்னுடைய கதவும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஓய்வுபெற்ற பாஸ்டர் ஒருவரின் வீட்டில் பதினொரு வருடமாக அவளுக்கு வேலை. கிழமைக்கு மூன்று நாள் துப்புரவாக்கி, மத்தியானச் சமையலும் செய்துவிட்டு வருவாள். போன கிழமை செவ்வாயன்று, போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் என் குசினிக்குள் வந்து நின்றாள்.

“அக்கா, பாஸ்டர் இண்டைக்கு ஒரு புதினம் சொன்னவர். அந்தக் காலத்து இஸ்ரவேல் ஆசாரியர், அதுதான் கோயில் குருமார், அவையின்ரை வீடுகளில, கூலிக்கு வேலை செய்யிறவள் அவையின்ரை பரிசுத்தச் சாப்பாட்டைச் சாப்பிடக்கூடாதாம். ஆனா காசு குடுத்து வாங்கின அடிமை சாப்பிடலாமாம்.”

“ஏனாம்?”

“அடிமை வீட்டு ஆளாம். கூலிக்காரி வெளியாளாம். அதைச் சொல்லிப்போட்டு, ‘மதுமதி, நீங்களும் இனி வீட்டு ஆளா வந்திடுங்கோ, மேல்மாடி அறை சும்மா கிடக்கு, வாடகை வேண்டாம், எங்களோடை மேசையில இருந்து சாப்பிடலாம்’ எண்டார். ஞாயிற்றுக்கிழமை கோப்பிக்கு வந்து பதில் சொல்லட்டாம்.”

தங்கமான மனிதர். ஒரு பெண்ணை அடிமைக்கு ஒப்பிட்டு வீட்டுக்கு அழைத்திருக்கிறோம் என்பதை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

மதுமதி தன் வீட்டை விட்டுவிட்டு அங்கே போவதா, இல்லையா? இதில் எனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை. (பொய். இருக்கு. பிறகு சொல்லுறன்.) அதனால்தான் மறுநாள் காலையே ஒரு கதை எழுத உட்கார்ந்தேன்.

2

“எருசலேமில் அன்று வெயில் கொளுத்திக்கொண்டு—”

நிறுத்து. எருசலேம் வெயிலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் வுப்பர்டால் மழை.

“ஆசாரியர் அவளைக் கதவுநிலையோடு நிறுத்தி, அவளுடைய காதிலே கம்பியை—”

இதுவும் சரிவரவில்லை.*

* ஆறு வருடம் உழைத்து முடித்தபிறகும் விடுதலை வேண்டாம் என்று சொல்கிற சொந்த இனத்து அடிமைக்குத்தான் காது குத்துவார்கள். நான் எழுதப்போகிறவள் வெளிநாட்டுக்காரி. அவளுக்கு ஏழாம் வருட விடுதலை கிடையாது. எசமான் மனம் வைத்தால்தான் உண்டு. இதைத் தேடிப்பிடிக்க ஒரு பகல் போனது. அந்தப் பகல் வீணாகக்கூடாது என்பதற்காகவே இந்தக் குறிப்பு.

பெயர் வைப்பதும் பெரும்பாடாகிவிட்டது. ஆசாரியர்களின் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பானையைக் கழுவியவளின் பெயரை எழுதி வைத்தவர்கள் குறைவு. ஆகவே என் பொறுப்பில் நாகமுத்து என்று வைத்துவிட்டேன். (சிரியாதேங்கோ.)

“நாகமுத்து பானை மூடியைத் திறந்தாள்.”

ஆ! இது ஓடுகிறது. பானைக்குள் கிடப்பது பலியிட்ட ஆட்டின் முன்னந்தொடை. ஆசாரியர் வீட்டுக்கென்று வரும் பங்கு. மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே ஆசாரியர் குசினிக்குள் வருகிறார்.

“நாகமுத்து, உன்னை விடுதலையாக்கட்டோ? நாளையிலயிருந்து கூலி தாறன். வேலை உதேதான்.”

“பெரிய உபகாரம் ஐயா.”

“ஒண்டு மட்டும். கூலிக்காரி இந்த இறைச்சியில கை வைக்க ஏலாது.”

நாகமுத்து பானையைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். மறுபடியும் பானையைப் பார்த்தாள்.

“வேண்டாம் ஐயா,” என்றாள்.

இவ்வளவும் எழுதியபோது எனக்கு வந்த சந்தோசப் புளுகத்தில் தேத்தண்ணிக்கு இரண்டு தரம் சீனி போட்டுவிட்டேன். அந்தச் சூட்டோடு முடிவும் எழுதினேன். ஒன்றுக்கு இரண்டாக எழுதினேன்.

3

வியாழன் பின்னேரம் மதுமதிக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரத்திலேயே கையைத் தூக்கினாள்.

“பொறுங்கோ. ஆசாரியர் என்னத்தைத் தேடுறார்?”

“மூக்குக்கண்ணாடியை.”

“மூவாயிரம் வருசத்துக்கு முந்தியோ? அக்கா, அது எங்கடை பாஸ்டர் எல்லோ!”

கண்ணாடியைக் கழற்றிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். (கழற்றேல்லை. மேலே பாருங்கோ, இன்னும் தேடிக்கொண்டுதான் நிக்கிறார்.)

“எருசலேமில நாகமுத்துவோ? அவளுக்கு விசா குடுத்தது ஆர்?”

“நான்தான். நீ முடிவைக் கேள்.”

முதல் முடிவு: நாகமுத்து அடிமையாகவே இருந்து, வேளாவேளைக்கு இறைச்சி சாப்பிட்டு, நாற்பத்தாறாம் வயதில் மாவரைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இருமி இருமிச் சாகிறாள்.

“முந்தின பக்கம்வரைக்கும் நல்லாத்தானே இருந்தவள்?”

“கதைக்கு வேணும்.”

“கதைக்கோ, உங்களுக்கோ? நான் பாஸ்டர் வீட்டை போனால் இருமிச் சாவன் எண்டெல்லோ எழுதி வைச்சிருக்கிறியள்!”

அகப்பட்டுக்கொண்டேன். அவசரமாக இரண்டாம் முடிவுக்குத் தாவினேன்: நாகமுத்து விடுதலையை ஏற்று, தலைநிமிர்ந்து, வாசலைக் கடந்து, சூரியனை நோக்கி—

“எங்கை போறாள்?”

“விடுதலைக்கு.”

“அது எந்த ஸ்டேஷன்? இறங்கினவுடனை சாப்பிட என்ன இருக்கு?”

இரண்டு முடிவுகளையும் அந்த இடத்திலேயே அழித்தேன். மதுமதி சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்தாள். வைத்தபடியே சொன்னாள்:

“அக்கா, உண்மையான பிழை உங்களுக்கு இன்னும் தெரியேல்லை. ஆசாரியர் ஒரேயொருக்காக் கேட்டார். அவள் வேண்டாம் எண்டாள். நீங்கள் அதை நம்பி ஆளைச் சாகடிச்சுப்போட்டியள். ஒருக்காக் கேட்டால் எந்தப் பொம்பிளை ஓம் எண்டுவாள்?”

நியாயம். சோறு போடவா என்று கேட்டால் முதல் ‘வேண்டாம்’ மரியாதைக்கு. இரண்டாவது, கேட்கிறவர் மனதாரத்தான் கேட்கிறாரா என்று பார்ப்பதற்கு. மூன்றாம் தரம் சொல்வதுதான் பதில். இதை நாங்கள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை.

“உன்னை அந்த வீட்டில எத்தினைதரம் கேட்டவை?” என்றேன், பகிடியாக.

சிரிப்பு நின்றுவிட்டது.

“முதல் நாள், பாஸ்டரின்ரை மனிசி ஹெல்கா மேசையடியில கதிரையை இழுத்துவிட்டு, இருந்து சாப்பிடுங்கோ எண்டவ. நான் ‘நைன், டங்கே’, வேண்டாம், நன்றி எண்டன். அவ சரியெண்டு கதிரையைத் திருப்பி உள்ளுக்குத் தள்ளிப்போட்டா.”

“பிறகு?”

“பிறகென்ன, பதினொரு வருசமா அடுப்புக்குப் பக்கத்தில நிண்டுதான் சாப்பிடுறன். இப்பதான் திரும்பக் கேட்டிருக்கினம். அக்கா, அந்தக் கதிரை எனக்கு வேணும். அறை வேணுமோ எண்டு தெரியேல்லை. ரெண்டையும் ஒண்டாக் கட்டியெல்லோ குடுக்கினம்.”

அந்தப் பழைய சட்டமும் அதைத்தானே செய்தது! சாப்பாட்டுக் கோப்பையையும் கழுத்தையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டது. கூலிக்காரி பசியோடு போனாலும் போய்ச் சாத்திக்கொள்ள அவளுக்கென்று ஒரு கதவு இருந்தது. அடிமைக்கு வயிறு நிறைந்தது, கதவு இல்லை. மதுமதிக்கு ஒன்றரை அறை வீடு உண்டு. அதில் அவளே தேடி வாங்கிய மஞ்சள் திரைச்சீலை உண்டு. ஒரு மணிக்கு வேலை முடிந்தால் அதன்பிறகு அவளை யாரும் கூப்பிட முடியாது.

சரி, என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவள் போகக்கூடாது. அவளுடைய நன்மைக்காகத்தான் என்று எழுதிப் பார்த்தேன், அந்த வசனம் நிற்கவில்லை. கோட்டைக் கழற்றாமல் என் குசினிக்குள் வந்து நிற்க வேறு ஆள் எனக்கு இல்லை. அவளை வைத்திருக்கப் பார்க்கிறவர் பாஸ்டர் மட்டுமல்ல.

4

ஞாயிறு மத்தியானம் அவள் தொங்குரயிலில் புறப்பட்டுப் போனாள். நான் இங்கே ஆசாரியரை இரண்டாம் தரம் கேட்க வைத்தேன். நாகமுத்து இரண்டாம் தரமும் வேண்டாம் என்றாள். அந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது.

ஆறு மணிக்குப் படியில் காலடி. நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

“சொல்லிப்போட்டன் அக்கா! முதல் ‘வேண்டாம்’ மரியாதைக்குத்தான் எண்டு. ஹெல்கா வாய்க்குள்ள கேக்கோடை அப்பிடியே இருந்தா. தமிழ் ஆக்கள் நிண்டுதான் சாப்பிடுவினம் எண்டு அவ இவ்வளவு நாளும் சொந்தக்காரர் எல்லாருக்கும் விளங்கப்படுத்தினவவாம்!”

நாங்கள் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, யாருக்கும் ஏதும் நடந்துவிட்டதோ என்று கேட்டார்.

“கதிரை?” என்றேன்.

“பாஸ்டரே எழும்பி இழுத்துவிட்டார். நான் இருந்தன். ரெண்டு துண்டு கேக். அறைக்கு வந்தாலென்ன, வராட்டியென்ன, இனி அது உங்கடை கதிரை எண்டார்.”

“அறை?”

“கேட்டார். வேண்டாம் எண்டன். இப்பதானே பழகினவர், உடனை ரெண்டாந்தரமும் கேட்டார். வேண்டாம் எண்டன். மூண்டாந்தரம் வாயைத் திறக்க, ஹெல்கா மறிச்சுப்போட்டா. ‘விடுங்கோ, அவ தெளிவாச் சொல்லிப்போட்டா’ எண்டு.”

“மூண்டாந்தரமும் கேட்டிருந்தால்?”

மதுமதி திறப்பைப் பூட்டுக்குள் விட்டாள்.

“கேக்கேல்லையே,” என்றாள். முகத்தைப் பார்த்தேன், அதில் ஒன்றும் வாசிக்க முடியவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

5

அந்த மூன்றாம் கேள்வியை நானும் கேட்கலாம். நாலு எட்டு வைத்தால் அவளுடைய கதவு. மூன்று நாளாகக் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள், அதுதான் பயம்.

நாகமுத்துவும் இரண்டாம் ‘வேண்டாம்’ சொல்லிவிட்டு அப்படியே நிற்கிறாள். அவளை அதற்கு அப்பால் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை. ஆசாரியரை நான் வெளியே அனுப்பிவிட்டேன். குசினிக்குள் இப்போது அவளும் நீங்களும்தான். மூன்றாம் தரம் நீங்கள் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் வாய் திறக்கும்வரை பொறுங்கள். அவள் சொல்வதை என்னிடம் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் உங்களுடைய கதையை மட்டும் சொல்லுங்கோ. நீங்கள் வேலை செய்த வீடுகளில, ரெஸ்டோரன்டுகளில உங்களை எத்தினைதரம் கேட்டவை? உங்கடை எந்த ‘வேண்டாம்’ஐ அவை நம்பிப்போட்டினம்? எழுதி அனுப்புங்கோ.

நேரமில்லை எண்டுறியள். தெரியும், அது முதலாவது. எழுதி அனுப்புங்கோ.

எனக்கென்ன கதை இருக்கு எண்டுறியள். அது ரெண்டாவது. எழுதி அனுப்புங்கோ.