தொடக்கூடாத தங்கம்

ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பிடித்த தங்கக் காசில் நரைத்த மீசை தெரிகிறது, மீசைக்கு மேலே, பளபளப்பின் நடுவில், நேற்றுவரை இல்லாத ஒரு பெருவிரல் ரேகை, பெருந்துறை பல் டாக்டர் சென்னியப்பன் வெள்ளைக் கையுறையோடு அப்படியே நின்றுவிட்டார், இது புழங்க அடித்த காசு அல்லவே, பார்வைக்கென்றே மெருகேற்றிய அச்சில் இருமுறை அழுத்தி எடுத்த புரூஃப் காசு, விரல் பட்டால் தீர்ந்தது கதை, பட்ட அன்று ஒன்றும் தெரியாது, எத்தனையோ காலம் கழித்துப் பழுப்பாகக் கிளம்பி வரும், நேற்று வேறொரு காசில் இப்படித்தான் வந்தது, கோபத்தில் அதைக் கறை எடுக்கும் மருந்தில் முக்கிவிட்டார், ரேகை கரைந்துகொண்டிருக்கும்போதுதான் அதற்குக் குறுக்கே சரிவாக ஓடிய கோட்டைப் பார்த்தார், பார்த்து என்ன செய்ய, போய்விட்டது, இன்று இதிலும் அதே கோடு, தேங்காய்த் துருவியில் கிழிந்து தழும்பான கோடு, மனைவி தெய்வாத்தாளின் விரல். அவள் செத்துப்போய் வருஷம் திரும்பிவிட்டது, வீட்டில் அவளுடையது என்று ஒரு தலைமுடிகூட மிஞ்சவில்லை, மிஞ்சிய ஒன்றையும் கையாலே கரைத்தாயே பாவி என்று நேற்றெல்லாம் சோறு இறங்கவில்லை.

அவள் இருந்த காலத்தில் ஓர் ஆடி நோம்பி அன்று மஞ்சள் அப்பிய கையோடு வந்து நிற்கிறாள், ஒண்ணே ஒண்ணு எடுத்துச் சாமிகிட்ட வெக்கறனுங்க, குங்குமம் வெச்சு, என்கிறாள், இவர் காசு டப்பியைச் சட்டென்று மூடுகிறார், குங்குமமா, இதுக்கா, ஏம்புள்ள, நகைதான் வாங்கித் தந்திருக்கறனே, அதைத் தொடு, என்கிறார், ஊரார் வாய்க்குள்ளயெல்லாம் கை விடறீங்க, நான் இதைத் தொட்டா மட்டும் என்னாயிருமுங்க, என்று சிரித்தாள், சிரித்துவிட்டு, பாவமுங்க, யாரும் தொடாமயே கெடக்குது, என்றாள், அது காசைச் சொன்னதா என்று அன்றைக்கு அவர் யோசிக்கவில்லை, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த மனுஷனுக்கு யோசிக்க ஏது நேரம். இப்போது ஒவ்வொரு டப்பியாகத் திறக்கிறார், மான் போட்டதில் இருக்கிறது, ராணி தலை போட்டதில் இருக்கிறது, கப்பல் போட்டதிலும், எல்லாவற்றிலும் அந்தச் சரிவுக் கோடு, அவர் ஆஸ்பத்திரிக்குப் போன பகல்களில் பீரோ சாவி அவள் இடுப்பில்தானே இருந்தது, அட கள்ளி, ஆசை தீரத் தொட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாள், அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன, நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

மிச்சம் ஒன்று, யானை போட்டது, அவள் போன பிறகு, வீட்டின் சத்தமின்மை தாங்காமல் வாங்கியது, காசு அடித்த ஆலையின் முத்திரைகூட உடைக்காதது, அதில் இருக்க நியாயமில்லை, இருந்தும் கத்தரியை எடுத்தார், முத்திரையைக் கிழித்தார், மூடியைத் திறந்தார். இருந்தது. பழுப்பாக இல்லை, ஈரமாக, இப்போதுதான் எடுத்த விரலின் ஈரம், ஓரத்தில் மஞ்சள். கண்ணாடி போன்ற தங்கத்தில் அவர் மீசை, மீசைக்குப் பின்னால் தோளருகே இன்னொரு அசைவு, உடம்பெல்லாம் சில்லிட்டது, ஆனாலும் திரும்பவில்லை, திரும்பினால் போய்விடுவாளோ என்ற பயம் மற்றப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. கையுறையைக் கழற்றிப் போட்டார், வெறும் உள்ளங்கையில் காசை வைத்தார், தோளுக்குப் பின்னால் கையை நீட்டினார், தொட்டுக்க கண்ணு, எடுத்துக்க, இனி என்னைக் கேக்க வேண்டாம், என்றார்.

கை லேசாயிற்று.