சலவை அறைக்கு இரண்டு செயலி

அந்தக் குடியிருப்பில் இருபது வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு வாஷிங் மெஷின்தான். யார் எப்போது துவைப்பது என்று முறை போட்டுக்கொடுக்கும் செயலியை எழுதியவள் இரண்டாம் மாடி அக்கா. ஐந்தாம் மாடியில் இருந்த அவள் தங்கைக்கும் அதே தொழில். தங்கை ஆசையாக அந்தச் செயலிக்கு ஒரு வசதி உருவாக்கினாள்: தன் முறையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். வழக்கப்படி மூல நிரலில் கைவைக்காமல் 'கிளை' என்று பிரித்து வைக்கும் தனி இடத்தில் எழுதி, பார்த்து மூலத்தோடு சேர்த்துக்கொள்ளும்படி அக்காவிடம் சொன்னாள். அக்கா பார்க்கிறேன் என்றாள். மாதக்கணக்கில் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பெருக்கின கையோடு நிரலையும் பெருக்கினாள். சேராமல் கிடந்த பழைய கிளைகளையெல்லாம் வெட்டித் தள்ளியதில் தங்கையின் கிளையும் போயிற்று.

தங்கையின் கணினியில் அது பத்திரமாக இருந்ததால் வேலை பாழாகவில்லை. மனசுதான் ஆறவில்லை. மொத்த நிரலையும் தன் கணக்குக்குப் பிரதி எடுத்து, அதில் தன் கிளையைச் சேர்த்து, தனியாக நடத்தத் தொடங்கினாள். அம்மா போனில் விசாரித்தபோது தனிக்குடித்தனம் போய்விட்டதாகச் சொன்னாள். மாப்பிள்ளையோடு ஏற்கெனவே தனியாகத்தானே இருக்கிறாய் என்று அம்மா குழம்பிப்போனாள்.

பாதிக் குடியிருப்பு தங்கை பக்கம் சாய்ந்தது. ஒரு செயலி கொடுத்த முறை மற்றதற்குத் தெரியாது. புதன்கிழமை காலை பல் மருத்துவர் ஒரு மூட்டை படுக்கை விரிப்போடும், டாக்ஸி ஓட்டுநர் ஒரு மூட்டை சட்டையோடும் மெஷின் முன்னால் வந்து நின்றார்கள். இருவர் போனிலும் ஒன்பது மணி என்றே இருந்தது. யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கடைசியில் இரண்டு மூட்டையையும் ஒன்றாகத் திணித்தார்கள். மெஷின் ஒரு தடவை உறுமிவிட்டுப் படுத்துவிட்டது.

மெக்கானிக் வரும்வரை குடியிருப்பே அழுக்கு மூட்டையோடு உட்கார்ந்திருந்தது. பழி சகோதரிகள் தலையில் விடிந்தது. அக்காதான் படியேறிப் போனாள்.

"உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம அந்தக் கிளையை அழிச்சிருக்கக் கூடாது," என்றாள். "அதைத் திறந்துகூடப் பார்க்கலடி."

"தெரியும்க்கா. திறந்திருந்தா அழிக்க மனசு வந்திருக்காது."

இரண்டு நிரலையும் இணைக்க உட்கார்ந்தார்கள். பெரும்பாலான வரிகள் தானாகப் பொருந்திக்கொண்டன. சில இடங்களில் இருவரும் ஒரே வரியை மாற்றியிருந்ததால், எது வேண்டும் என்று கணினி கேட்டது. எல்லாம் சுமுகமாகவே போயிற்று, தாமதமாக வருபவருக்குப் போகும் செய்தி வரும்வரை. 'உங்கள் முறை ரத்து' என்பது அக்காவின் வரி. 'மெதுவாக வாருங்கள், காத்திருக்கிறோம்' என்பது தங்கையின் வரி. அந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு டம்ளர் காபி ஆறி, இன்னொன்று போடும் அளவுக்கு மல்லுக்கட்டினார்கள். முடிவில் 'ஐந்து நிமிடம் காத்திருப்போம், அப்புறம் ரத்து' என்று நின்றது.

மெஷினும் பிழைத்தது. தங்கை தன் பிரதியை மூடிவிட்டுத் தன் பக்கத்து ஆட்களைப் பழைய செயலிக்கே அனுப்பினாள். கூடவே புதிதாக ஒரு கிளையும் அனுப்பிவைத்தாள். அக்கா அதை அன்று சாயங்காலமே திறந்து, வரிக்கு வரி குறை கண்டுபிடித்து எழுதினாள். படிக்கப் படிக்கத் தங்கைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.