முகம் பார்த்துத் தரப்படும்

வீடியோவில் என் கைகளை ஊருக்கே தெரியும். முகம் ஒருத்தருக்கும் தெரியாது. அது அப்படியே இருந்திருக்கலாம்.

எங்கள் கடை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே செருகி வைத்த மாதிரி இருக்கிறது. சூப், இஞ்சி டீ, சூடான பால், முட்டை ரொட்டி, இவ்வளவுதான். உட்கார இடம் கிடையாது. அடுப்படிக்கு முன்னால் குறுக்காக ஒரு பலகை அடித்திருக்கிறோம். அதில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நின்றபடியே குடிக்க வேண்டியதுதான். அடுப்படி என் பொறுப்பு. கல்லாவும் போனும் என் வீட்டுக்காரர் பொறுப்பு.

அவர் சாது. சில்லறை இருக்கிறதா என்று கேட்பதற்குக்கூட ஒரு தடவை தொண்டையைக் கனைத்துக்கொள்வார். எனக்கோ மூக்கு நுனியில் கோபம், வாய் அதற்கும் ஒரு முழம் முன்னால் நிற்கும். பாத்திரம் விழுந்தால் பாத்திரத்தைத் திட்டுவேன். பால் பொங்கினால் பாலைத் திட்டுவேன். வாடிக்கையாளர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். அதனால் அதை ஒரு குறையாகவே நான் நினைத்ததில்லை.

வியாபாரம் படுத்துக் கிடந்தபோது வீடியோ போடலாம் என்றார் இவர். கேரட் நறுக்குகிற கை, இஞ்சி தட்டுகிற கை, பாலை ஆற்றுகிற கை. முகம் வேண்டாம் என்று சொன்னது நான்தான். "வேர்த்து வழியற மூஞ்சிய எவன் பார்ப்பான்?" அந்த வீடியோப் பக்கத்துக்கு 'சூப் அக்கா' என்று பெயர் வைத்தார். கீழே யார் என்ன கேட்டாலும் அக்காவாக இவரே பதில் எழுதினார். சும்மா சொல்லக் கூடாது, கூட்டம் வந்தது. நான் அதையெல்லாம் படித்ததில்லை, எனக்கு ஏது பொறுமை? ஆனால் பதில் எழுதுவதற்காக இவர் அவ்வப்போது அடுப்படிக்கு வந்து நிற்பார்.

"வயித்துவலிக்கு என்ன குடிப்பே?"

"இஞ்சியத் தட்டிக் கொதிக்க வச்சுக் குடிக்கணும். வெறும் வயித்தோட கிடந்து சாகக் கூடாது! உங்களுக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி எல்லாம்?"

தலையாட்டிக்கொண்டே போய்விடுவார்.

அன்றைக்கு மழை. மழை என்றால் எங்களுக்குக் கூட்டம். அந்த நேரம் பார்த்து ரொட்டி தீர்ந்துவிட்டது. இவர் குடையை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனார். அடுப்பு, கல்லா இரண்டும் என் தலையில். அப்போதுதான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. காவலாளி உடையில் ஒருவர் முன்னால் வந்து நின்றார். என்ன வேண்டும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் புன்னகையோடு என் முகத்தையே பார்த்தார். அவர் வயதுக்கு மரியாதை கொடுத்து ஒரு டீயை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, ஏதோ பரிசு விழுந்த மாதிரி சிரித்துவிட்டுப் போனார். அடுத்து, கைக்குழந்தையோடு ஓர் அம்மா. அதே மௌனம், அதே பார்வை. "வாயத் திறந்து சொன்னாத்தானேம்மா தெரியும்" என்றேன். அவள் முகம் சுருங்கிப் போய், பால் என்றாள்.

மூன்றாவதாக அந்தப் பெண் வந்தாள். இருபது, இருபத்தொன்று இருக்கும். துணிக்கடைச் சீருடை, நனைந்த செருப்பு. அவளும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையையும் பலகை விளிம்பில் வைத்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் வரிசை நடைபாதைக்கு வந்துவிட்டது. ஒரு பக்கம் சூப் அடிப்பிடிக்கிற வாசனை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"என்னம்மா, வாயில என்ன கொழுக்கட்டையா? வாங்குறதா இருந்தா வாங்கு, இல்லன்னா வழிய விடு. நின்னுட்டே இருந்தா பாவம்னு ஓசில ஊத்துவாங்கன்னு நெனச்சியா? வந்துட்டாங்க, கை நீட்டிக்கிட்டு!"

வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் கைகள் பலகையிலிருந்து மெல்ல இறங்கின. ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், மழையிலேயே சாலையைக் கடந்து போனாள். குடைகூட இல்லை. நான் அடுத்த ஆளுக்குச் சூப் ஊற்றினேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அவர்கள் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

கூட்டம் வடிந்த மதியத்தில் ரொட்டிப் பையைக் கீழே வைத்துவிட்டு இவர் ஆசையாகக் கேட்டார். "யாராவது வந்து பேசாம நின்னாங்களா?"

"பேசாம நின்னாங்களாவா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

போனைக் காட்டினார். முந்தின நாள் எங்கள் பக்கத்தில் போட்டிருந்த விளம்பரம். 'மழைக்காலம் முழுவதும் முகம் பார்த்துத் தரப்படும். கடைக்கு வாங்க. ஒண்ணும் கேக்காதீங்க, சும்மா நில்லுங்க. இன்னைக்கு உங்களுக்கு என்ன தேவைன்னு அக்கா நானே பார்த்துத் தருவேன்.'

"இதை எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னேனே. நீ மிக்ஸியப் போட்டுட்டு 'சரி சரி'ன்னே."

திட்ட ஆரம்பித்தேன். அவரை, அவர் போனை, மிக்ஸியை, எதையும் விடவில்லை. பாதியில் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது. போனை மெல்லச் சட்டைப்பைக்குள் தள்ளப் பார்த்தார். பிடுங்கிப் படித்தேன்.

'அக்கா, இன்னைக்குக் கடையில பர்மிஷன் சொல்லிட்டு உங்களப் பார்க்க வந்தேன். நீங்க எழுதின மாதிரியே ஒண்ணும் கேக்காம நின்னேன். ஆனா நீங்க இல்ல. வேற ஒரு அம்மா இருந்தாங்க. ஓசிக்கு நிக்கறேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. பரவாயில்ல, மழையில யாரும் என் கண்ணப் பார்க்கல. நீங்க இவ்ளோ நல்லவங்க, அந்த மாதிரி ஆளோட எப்படி அக்கா வேலை செய்யறீங்க? பாவம் நீங்க.'

பாவம் நான்.

மேலே தள்ளித் தள்ளிப் படித்தேன். இவர் வேண்டாம் என்று கையை நீட்டினார், கொடுக்கவில்லை. பல மாதமாக எழுதியிருக்கிறாள். அம்மா இல்லாத பெண், விடுதியில் தங்கியிருக்கிறாள். நாள் முழுக்க நின்றே வேலை, உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் கத்துவாராம். மாதத்தில் அந்த மூன்று நாளும் இடுப்பு விட்டுப்போகிறது, வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 'உங்ககிட்ட மட்டும்தான் அக்கா சொல்றேன்.' அதற்குக் கீழே அக்காவின் பதில். 'வெறும் வயித்தோட படுக்காதே கண்ணு. இஞ்சியத் தட்டிப் போட்டுக் கொதிக்க வச்சுக் குடி. குடிச்சிட்டு எனக்கு ஒரு வார்த்தை எழுது. அதுவரைக்கும் தூங்க மாட்டேன்.'

வீடியோவில் அந்தக் கை எவ்வளவு பொறுமையாக இஞ்சி தட்டுகிறது! அது இந்த வாய்க்குச் சொந்தமான கை என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

"இதெல்லாம் நான் எப்பச் சொன்னேன்?" என்றேன்.

"நீ சொன்னதைத்தான் எழுதினேன்" என்றார் இவர். "கத்தாம எழுதினேன், அவ்வளவுதான்."

கன்னத்தில் ஓர் அறை வாங்கியிருந்தால்கூட அப்படி எரிந்திருக்காது. இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்திய மனுஷன், என்னிலிருந்து என்னைக் கழித்துவிட்டு ஒரு நல்லவளைச் செய்து வைத்திருக்கிறார். ஊரெல்லாம் அவளைத் தேடி வருகிறது. வந்தவர்களை நான் வாசலில் நின்று விரட்டுகிறேன்.

இவர் போனை வாங்கி எழுத ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். 'அந்தம்மாவை இன்னைக்கே வேலையை விட்டு நிறுத்திட்டேன் கண்ணு.'

"அழிங்க."

"இதோட முடிஞ்சிரும்டி. அந்தப் பொண்ணுக்கும் ஆறுதலா இருக்கும்."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் மறுபடி வந்தால் இதே மூஞ்சிதானே இங்கே நிற்கும்? நானே வாங்கி, ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினேன். 'அது வேற ஆள் இல்ல. நான்தான். சூப் செய்யறதும் நான்தான், உன்னத் திட்டினதும் நான்தான். தப்பு பண்ணிட்டேன்.'

உடனே பதில் வந்தது. 'அப்ப எனக்கு எழுதினது யாரு?'

இவருக்கு அப்போதுதான் உறைத்தது. கழுத்து வரை சிவந்துவிட்டார்.

"நீதான் எழுதினேன்னு சொல்லிடு" என்றார். "கெட்ட எண்ணம் எதுவும் இல்லடி, உனக்குத் தெரியும். ஆனா ஒரு ஆம்பளை படிச்சான்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணு கூசிப் போயிடுவா."

"கூச வேண்டியது அவளா, நாமளா?"

நான் தட்டினேன். 'எழுதினது என் வீட்டுக்காரர். எங்கிட்டக் கேட்டுத்தான் எழுதுவார். ஆனா உனக்குன்னு எனக்குத் தெரியாது. நீ எழுதினதை நான் இன்னைக்குத்தான் படிச்சேன்.' அனுப்பினேன். அவள் படித்துவிட்டாள் என்று போன் காட்டியது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

மறுநாள் என்னை நேராகப் படம் பிடிக்கச் சொன்னேன். வேர்வையைக்கூடத் துடைக்கவில்லை. "இதான் என் மூஞ்சி. பதில் எழுதறது என் வீட்டுக்காரர். இனிமே உங்க சொந்த விஷயத்தை இதுல எழுதாதீங்க. கடைக்கு வந்தா என்ன வேணும்னு வாயத் திறந்து கேளுங்க." அவ்வளவுதான் பேசினேன். ஏமாற்றிவிட்டோம் என்று கீழே திட்டினார்கள். பாதிப் பேர் பக்கத்தை விட்டே போனார்கள். போகட்டும். இவர் ஒவ்வொரு திட்டையும் படித்துவிட்டு ஒன்றுக்கும் பதில் எழுதாமல் இருந்தார். பேச்சும் குறைந்துவிட்டது. எனக்கோ துணிக்கடைச் சீருடையை எங்கே பார்த்தாலும் கை நின்றுவிடும். அவள் எந்தக் கடை என்றுகூட எனக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். தேடிப் போய் நிற்பதா என்று ஒரு நாள் கேட்டேன். "அது இன்னும் கேவலம், விடு" என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

மழைக்காலம் முடிவதற்குள் அவள் வந்தாள்.

மாலைக் கூட்டம். வரிசையில் நின்று, முறை வந்ததும் அதே இடத்தில் நின்றாள். கையைப் பலகையில் வைக்கவில்லை, பையை நெஞ்சோடு பிடித்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். கல்லாவில் இருந்த இவர் அவளைப் பார்த்ததும் சத்தமில்லாமல் எழுந்து உள்ளே, வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டார்.

முகம் பார்த்துத் தரவேண்டுமே! பார்த்தேன். தூக்கம் கெட்ட கண், இறுகின வாய். அதற்கு என்ன ஊற்றிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க எத்தனை நாளாக மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருப்பேன்! ஒரு வார்த்தை வரவில்லை. இவ்வளவு நீள வாய் இருந்து என்ன பிரயோசனம்?

கரண்டியைக் கீழே வைத்தேன். வரிசையைப் பார்த்தே சொன்னேன். "அன்னைக்கு இந்தப் பொண்ண ஓசிக்கு நிக்குதுன்னு சொன்னேன். உங்கள்ல சில பேர் சிரிச்சீங்க. இந்தப் பொண்ணு எங்க பேச்ச நம்பி வந்து நின்னுது. கேவலமா நடந்துக்கிட்டது நான். மன்னிச்சிரும்மா."

யாரும் சிரிக்கவில்லை.

அவள் நிதானமாகக் கேட்டாள். "இது அவர் எழுதிக் குடுத்ததா?"

"இல்ல!" என்று கத்திவிட்டேன். "எவரும் எழுதிக் குடுக்கல! எனக்குப் பேசத் தெரியாதா? இப்படித்தான் பேசத் தெரியும் எனக்கு!"

கத்தின பிறகுதான் கத்தியது தெரிந்தது. போச்சு, மறுபடியும் விரட்டிவிட்டேன் என்று நினைத்தேன். அவள் போகவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சரி" என்றாள். "இது நீங்கதான்."

பைக்குள் கையை விட்டுக் காசை எடுத்துப் பலகையில் வைத்தாள். "ஒரு சூப்." நான் காசைத் தள்ளப் போனேன். "ஓசி வேணாம்" என்றாள். எடுத்துக் கல்லாவில் போட்டேன்.

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்தபடி நின்று குடித்தாள். முழுதும் குடித்தாள். கிண்ணத்தைத் திருப்பி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் சாலையைக் கடந்த பிறகும் இவர் மூட்டைக்குப் பின்னாலிருந்து வரவில்லை.

"குடிச்சாளா?" என்று குரல் மட்டும் வந்தது.

"குடிச்சா. உப்பு கம்மியாம்."

"நான் எழுதின மாதிரி செஞ்சு குடிச்சிட்டு எங்கிட்ட எப்பவும் நல்லா இருக்குன்னுதான் எழுதுவா" என்றார்.

உப்பை எடுத்துச் சூப்பில் போட்டுக் கிளறினேன். வரிசையில் அடுத்து நின்றவர், என்ன வேண்டும் என்று நான் கேட்பதற்கு முன்பே, பயந்துபோய், "டீ" என்றார்.