நான்கு தறியும் ஒரு வீட்டுக் கடனும்

என் வீட்டுக்காரர் ராமசுப்புவுக்கு எதிலும் முந்திக்கொள்ள வேண்டும். யோசிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

வீடு கட்டியபோது எந்த வங்கியும் எங்களை மதிக்கவில்லை. ஒரு தனியார் நிதி நிறுவனம்தான் பன்னிரண்டு லட்சம் கொடுத்தது. வட்டி பதினைந்து சதவீதம், மாதம் பதினேழாயிரம். ஒரு தவணை தவறாமல் கட்டினோம். கட்டிக் கட்டி என் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியது. அடகு வைக்க இனி ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து வங்கி, அந்தக் கடனை ஒன்பது சதவீதத்துக்கு மாற்றித்தருவதாகச் சொன்னது. மாதம் ஐயாயிரம் குறையும். அது நடக்காவிட்டால் அடுத்த தவணை கட்ட வழியில்லை, வீடு போய்விடும்.

ஆவணி மாதம் முழுக்க அலைந்து காகிதம் சேர்த்தோம். வில்லங்கச் சான்று, பத்திர நகல், வீட்டுத் தீர்வை ரசீது. கூடவே, எங்களுக்குக் கூலிக்கு நெய்யப் பாவு நூல் தரும் முதலாளியின் கடிதம்: இவர்கள் வீட்டு ஹாலில் நான்கு விசைத்தறி ஓடுகிறது, மாதக் கூலி இவ்வளவு. அதிலும் என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு மதிப்புப் போட வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வருவதாகப் போன் வந்தது. அடுத்த வீட்டுச் சுமதிக்கு வாய் சும்மா இருக்காது.

"யக்கா, ஹால்ல தறி கெடந்தா வீடு இல்ல, பட்டறைன்னு எழுதிருவாங்களாம்."

"பேங்க்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்" என்றேன்.

"ஏட்டி, கேட்டு அவங்களுக்கு நாமளே எடுத்துக் கொடுக்கவா? தறியக் கழத்திருதேன்" என்றார் இவர்.

ஓடிக்கொண்டிருந்த பாவை அறுத்தார். நான்கு தறியிலும் பாதி நெய்த சேலை. தறிகளைக் கழற்றி லோடு ஆட்டோவில் என் தம்பியின் கொட்டகைக்கு அனுப்பினார். தரையில் போல்ட் இருந்த ஓட்டைகளைச் சிமெண்டால் பூசினோம், வெள்ளையடித்தோம், சுமதி வீட்டுச் சோபாவைக் கொண்டுவந்து போட்டோம். இன்ஜினியர் வந்தார், காபி குடித்தார், 'குடியிருப்பு மட்டும், தொழில் எதுவும் நடந்ததில்லை' என்று எழுதினார். அதன் கீழும் இவர் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். பொய் சொல்வானேன், நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம், வருமானத்தைச் சரிபார்க்க வங்கியிலிருந்து ஜெஸ்லின் என்ற பெண் வந்தாள்.

"அக்கா, நாலு தறியும் எங்கன ஓடுது? ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரைப் பார்த்தார்.

"இங்கனதாம்மா இருந்துது. கழத்தி வச்சிருக்கோம். சொன்னா நாளைக்கே மாட்டிருதேன்" என்றார்.

அவள் கையிலிருந்த இரண்டு காகிதங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"தொழிலே நடந்ததில்லன்னு இதுல எழுதியிருக்கே, அண்ணாச்சி?"

"எதச் சொன்னா லோன் கிடைக்கும்னு நீங்களே சொல்லுங்கம்மா. அதையே சொல்லுதோம்." அந்த மனிதர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

"ரெண்டுலயும் உங்க கையெழுத்து இருக்கே. இனி ஃபைல் மேல போகாது" என்றாள். எழுந்தவள், செருப்பை மாட்டிக்கொண்டே தயங்கினாள். "குடியிருக்க வீட்டுல நாலு தறி இருந்தா எங்க பேங்க்ல ஒத்துக்கிடுவாங்க, அண்ணாச்சி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவள் போன பிறகு நான் இவர் பக்கம் திரும்பினேன்.

"தறியக் கொண்டாந்து மாட்டுங்க. முதலாளிகிட்ட வேற பாவு கேப்போம்" என்றேன்.

"கேட்டேன். அறுத்த பாவுக்குப் பணத்தக் கட்டுங்காரு. தை வரைக்கும் பாவு கிடையாதாம்."

"எப்போ கேட்டீங்க?"

"நாலு நாளாச்சு."

நாலு நாளாக அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. பயமாக இருந்தது.

"திட்டவாவது செய்யேன்ட்டி" என்றார்.

அதற்கும் என்னிடம் தெம்பில்லை.