பக்கத்து வீட்டு லோரி

கஸ்பருக்குப் பிடிக்காத சாப்பாடுகளின் தொகை, கனடாவில் அவர் குடியிருந்த அஜக்ஸ் நகரத்தின் சனத்தொகையைவிடக் கூட. சீனச் சாப்பாட்டில் உறைப்பில்லை. இத்தாலியச் சாப்பாட்டில் கறியே இல்லை. பஞ்சாபிச் சாப்பாடு என்பது பாலையும் நெய்யையும் வேறு வேறு பெயர்களில் கூப்பிடுவது. இவ்வளவு ஆழமான முடிவுகளுக்கு வர அவர் இவற்றில் எதையும் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. பார்த்தால் நடுநிலைமை கெட்டுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஜனவரிக் குளிரில் ஒருநாள் பக்கத்து வீட்டுக் குர்மீத் சிங் கதவைத் தட்டினார். பேரன் பிறந்த பிறகு வரும் முதல் லோரி, சனிக்கிழமை குடும்பத்தோடு கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கஸ்பர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"லொறிக்கும் ஒரு திருநாளோ?"

"லொறி இல்லை, லோரி. பொங்கல் மாதிரி அறுவடைக்குக் கொண்டாடுறது," என்றாள் கிறிஸ்ரினா.

"இந்தப் பனிக்குள்ளை எதை அறுத்தவையாம்?"

"போன கிழமை எங்கட வாசல் பனியையும் சேர்த்து வழிச்சது அந்த மனுசன்தான். நீங்கள் போர்த்துக்கொண்டு கிடந்தனீங்கள்."

சனிக்கிழமை கஸ்பர் வெளிக்கிட்டார். தெரியாத இடத்துக்கு வெறும் வயிற்றோடு போவது ஆபத்து என்பதால், முதலில் வீட்டில் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, "பரவாயில்லை" என்றார். இருபத்தாறு வருடக் கலியாண வாழ்க்கையில் கிறிஸ்ரினாவின் சமையலுக்கு அவர் வழங்கிய அதியுயர் விருது அதுதான்.

குர்மீத்தின் பின்வளவில் பெரிய இரும்புத் தாச்சிக்குள் நெருப்பு எரிந்தது. சுற்றி நின்றவர்கள் பாட்டுப் பாடி எள்ளையும் சோளப்பொரியையும் கச்சான் கடலையையும் அதற்குள் எறிந்தார்கள். கஸ்பரின் கையிலும் ஒரு பிடி கச்சான் திணித்தார்கள். அவர் பாதியை நெருப்புக்குக் கொடுத்துவிட்டு மீதிக்கு வேறு வழி கண்டுபிடித்தார்.

சாப்பாடு கராஜுக்குள். கதவு பாதி திறந்திருந்தது. ஒரு ஹீற்றர் இரைந்துகொண்டிருந்தது. கோட்டும் தொப்பியும் கழற்றாத சனம் நீள மேசைகளில் நெருங்கி இருந்தது. பரிமாறியவர் குர்மீத்தின் அக்கா ஜஸ்பீர். போன மாதம்தான் பஞ்சாபிலிருந்து வந்தவர். மஞ்சள் சோளமா ரொட்டி, அதன் பக்கத்தில் கடைந்த கடுகுக் கீரை, கீரையின் தலையில் ஒரு வெண்ணெய்க் கட்டி, ஓரத்தில் வெல்லமும் முள்ளங்கியும்.

கஸ்பர் உயிரைக் கொடுக்கப் போகும் கத்தோலிக்க வேதசாட்சிகளின் முகத்தோடு ரொட்டியில் ஓர் ஓரத்தைக் கிள்ளி, கீரையில் பட்டும் படாமலும் தொட்டு, வாயில் வைத்தார்.

மெல்லுவது பாதியில் நின்றது. மகள் ஸ்டெபனி பயந்துபோனாள்.

"அப்பா, ஆர் யூ ஓகே?"

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். கீரையின் மெல்லிய கைப்பில் இஞ்சியும் உள்ளியும் கலந்திருந்தன. வெண்ணெய் உருகி அதை அணைத்துக்கொண்டது. ரொட்டி சொரசொரவென்று மெல்ல இனித்தது. இரண்டாவது துண்டை அவர் கிள்ளவில்லை. பிய்த்தார்.

ஜஸ்பீர் கரண்டியோடு வந்து குனிந்து, "பஸ்?" என்று கேட்டார்.

கஸ்பருக்குச் சுருக்கென்றது. பஸ்ஸில் வந்த ஆள் மாதிரியா தெரிகிறது?

"நோ, நோ. நோ பஸ். நெக்ஸ்ற் ஹவுஸ்," என்றார்.

ஜஸ்பீர் மகிழ்ந்துபோய் ஒரு ரொட்டியும் ஒரு கரண்டி கீரையும் வைத்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து மறுபடியும், "பஸ்?"

"நோ பஸ்! ஐ ஹாவ் ரூ கார்ஸ்!"

இரண்டு ரொட்டி விழுந்தது.

ஸ்டெபனி சிரித்துச் சிரித்து மேசையில் சாய்ந்தாள். "அப்பா, பஸ் எண்டா போதும் எண்டு மீனிங். யூ கீப் ஆஸ்கிங் ஃபோர் மோர்!"

கஸ்பர் தட்டைப் பார்த்தார். வயிற்றுக்குள் இருந்த புட்டை நினைத்தார். ஜஸ்பீர் மூன்றாம் தடவை வந்தபோது நிமிர்ந்து பார்த்து, "நோ பஸ்," என்றார். இம்முறை அர்த்தம் தெரிந்தே சொன்னார்.

கடைசியில் குர்மீத் வந்து சாப்பாடு எப்படி என்று கேட்டபோது கஸ்பர் எழுந்தே நின்றுவிட்டார். நெஞ்சில் கையை வைத்து, ஜஸ்பீரைப் பார்த்து, கராஜ் முழுக்கக் கேட்க, "சிஸ்ரர், பெஸ்ற் ஃபூட் இன் மை லைஃப்!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கிறிஸ்ரினா மட்டும் லஸ்ஸிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தாள்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, "நல்ல சனம், என்ன?" என்றார் கஸ்பர்.

"பிள்ளை பெத்த உடம்போடயும் சமைச்சனான்," என்றாள் கிறிஸ்ரினா. "நைற் ஷிப்ற் முடிச்சு வந்தும் சமைச்சனான். ஒருநாள் நல்லாயிருக்கெண்டு ஒரு சொல்லுச் சொன்னனீங்களோ? பேர் தெரியாத மனுசிக்கு எழும்பி நிண்டெல்லோ சொல்லுறீங்கள்."

"அது சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னது."

"அப்ப எனக்கு மரியாதை தேவையில்லையோ?"

கிறிஸ்ரினா அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அவள் மேலே போனாள். கஸ்பர் படியடியில் ஒற்றைச் சப்பாத்தோடு நெடுநேரம் நின்றார்.

மறுநாள் பூசை முடிந்து வந்து கிறிஸ்ரினா கணவாய்க் கறி வைத்தாள். கஸ்பர் குளியலறைக் கண்ணாடியின் முன் இரண்டு தடவை ஒத்திகை பார்த்துவிட்டு மேசைக்கு வந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். தொண்டையைச் செருமினார்.

"கறி நல்லாயிருக்கு."

ஸ்டெபனி போனைக் கீழே வைத்தாள்.

"எப்பிடி நல்லாயிருக்கு?" என்றாள் கிறிஸ்ரினா.

இந்தக் கேள்விக்கு அவர் ஒத்திகை பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் இன்னொரு வாய் எடுத்து, கண்ணை மூடி, உண்மையாகவே ருசி பார்த்தார்.

"மிளகைக் கடைசியாப் போட்டிருக்கிறீர். தொண்டையிலை நிண்டு உறைக்குது. கணவாயும் றப்பர் மாதிரி இழுபடேல்லை."

கிறிஸ்ரினா உடனே மன்னித்துவிடவில்லை. அவள் அவ்வளவு மலிவான ஆள் இல்லை. கரண்டியைத் திரும்பச் சட்டிக்குள் வைத்தாள்.

"பெருஞ்சீரகமும் வறுத்து இடிச்சுப் போட்டனான்," என்றாள் பிறகு.

"அதுதான் உந்த வாசம்," என்றார் கஸ்பர், சோற்றைக் குழைத்தபடி.

அவள் சட்டியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, தன் தட்டிலும் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.