வண்டி ஓடிய பிறகு

அப்பா இறந்ததிலிருந்து அவருடைய மோட்டார் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஆறேழு வருஷம் இருக்கும். ஒருநாள் மேல்வீட்டுக்காரர் அதில் கால் தடுக்கி விழப் பார்த்தார். அன்று சாயங்காலமே அம்மா தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி வேறு ஊரில் மனை விற்கும் கம்பெனியில் இருந்தான்.

"இரும்புக் கடைக்குத் தள்ளிவிடுங்கம்மா. அந்த எலும்புக்கூட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

பக்கத்தில் நின்ற அக்கா போனை வாங்கினாள். "நான் எடுத்துக்கறேன்டா."

"தாராளமா எடுத்துக்கோ. ஷோகேஸ்ல வெச்சுக்கோ" என்று சிரித்தான்.

அவளுக்கு நாற்பது வயது. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. கல்யாணம் ஒத்துவராமல் திரும்பி வந்து அம்மாவோடு இருந்தாள். வண்டி ஓட்டுவதை அப்பாவே மைதானத்தில் வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். பழுது பார்க்கத்தான் தெரியாது.

முதல் மெக்கானிக் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "கம்பெனியே மூடியாச்சு. இதைத் தொட்டா என் மத்த வேலை கெட்டுடும்" என்றார். இரண்டாமவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, டேங்க்கைத் தடவிப் பார்த்து, "ஓடாது, என்கிட்டயே குடுத்துட்டுப் போங்க" என்றார். ஓடாத வண்டி அவருக்கு எதற்கு? அவள் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

வண்டியோடு ஒரு புத்தகம் கொடுத்திருப்பார்களே என்று தோன்றியது. அப்பாவின் பெட்டியில் இல்லை. அப்பா வண்டி வாங்கிய ஷோரூம் இருந்த இடத்தில் மெத்தை விற்றார்கள். இணையத்தில் ஒன்று கிடைத்தது. அச்செடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் படம் ஒரு மாதிரி இருக்கிறது, வண்டி ஒரு மாதிரி இருக்கிறது. அது பிந்தி வந்த மாடலாம். அதில் ஆயிலுக்கென்று தனி டேங்க் உண்டு. அப்பாவின் வண்டியில் அப்படி எதுவுமே இல்லை. பல வாரம் அதை வைத்து மல்லாடிய பிறகுதான் இது விளங்கியது.

பழைய வண்டிக்காரர்கள் பேசிக்கொள்ளும் குழு ஒன்றில் படம் போட்டுக் கேட்டாள். வித்துடுங்க என்றவர்கள்தான் அதிகம். ஒருவர் மட்டும் ஒரு போன் நம்பர் கொடுத்தார். அந்த ஷோரூமில் ஸ்டோர்கீப்பராக இருந்தவரின் மனைவியுடைய நம்பர் அது. கணவர் இறந்துவிட்டார். லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் மேல் மாடியில் தனியாக இருந்தாள்.

படியேறிப் போனவளிடம், "எந்த வருஷத்து வண்டி?" என்றுதான் முதலில் கேட்டாள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து மெலிந்த புத்தகம் ஒன்றை எடுத்துப் புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்தாள். "அவர் இருந்தப்போ வீட்ல எனக்கு உக்கார நாற்காலி இருக்காது. இந்த மாதிரி புத்தகத்துக்கு மட்டும் எடம் இருக்கும். எடுத்துட்டுப் போம்மா."

"நகல் எடுத்துட்டுக் கொண்டு வந்து தந்துடறேன்மா."

"எதுக்கு? எனக்கென்ன வண்டியா இருக்கு?"

அந்தப் புத்தகம் அவளுக்கு விளங்குகிற மாதிரி எழுதியிருந்தது. செயினை விரலால் தூக்கினால் எவ்வளவு தொய்வு இருக்கலாம், பிளக்கின் நுனி காபித்தூள் நிறத்தில் இருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் எஞ்சின் சூடாகிறது என்று பொருள், கியர் ஆயிலை எப்போது மாற்றுவது என்று ஒவ்வொன்றும் படத்தோடு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே கட்டம் கட்டி ஓர் எச்சரிக்கை: இந்த வண்டிக்கு வெறும் பெட்ரோல் ஊற்றக் கூடாது, ஒவ்வொரு தடவையும் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. டேங்க்குக்குள் நட்டுகளைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தாள். கார்புரேட்டரைக் கழற்றி, லென்ஸ் துடைக்கிற துணியால் துடைத்தாள். கேபிள்களை மாற்றினாள். அம்மா வாசலில் நின்று, "பொம்பளைக்கு இதெல்லாம் தேவையா" என்பாள். கொஞ்ச நேரம் கழித்துத் தேநீரும் கொண்டு வந்து வைப்பாள். ஒரு காலையில், கால் கடுக்க உதைத்த பிறகு, வண்டி இருமிக்கொண்டு உயிர் பிடித்தது. மாடிப்படி முழுக்கப் புகை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்று சொன்னாள்.

அதன்பின் அவள் வேலைக்கு அதில்தான் போனாள். யாரோ எடுத்து இணையத்தில் போட்ட படத்தைப் பார்த்துவிட்டுத் தம்பி போன் செய்தான். அவனுடைய முதலாளிக்குப் பழைய வண்டி என்றால் பைத்தியமாம். பழைய வண்டிகளின் ஊர்வலம் ஒன்று வருகிறதாம், அதில் அவரோடு இவனும் போக வேண்டுமாம். அவளிடம் கேட்கவில்லை. அம்மாவிடம் பேசினான்.

அடுத்த வாரம் அவனே வந்து நின்றான். அம்மா அடுப்படியிலிருந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "வண்டிய அவன் பேருக்கு மாத்திக் குடுத்துட்டேன். கையெழுத்து போட்டாச்சு."

"என் பேருக்கு மாத்தித் தாங்கன்னு எத்தனை தடவை கேட்டேன்மா? முட்டி வலிக்குது, ஆபீசுக்கு அலைய முடியாதுன்னீங்க."

"நீ கடையில இருந்தப்போ அவன் கார்ல கூட்டிட்டுப் போனான்." அம்மாவின் குரல் தாழ்ந்தது. "அவன் இந்தப் பக்கம் வர்றதே நின்னு போச்சு. வண்டிய சாக்கு வெச்சாவது வருவான்னு பாத்தேன். நீ எங்கயும் போயிடப் போறியா என்ன?"

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைச் சுட்டது. உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். வாசல் வரைக்கும் தம்பியின் பின்னாலேயே போனாள்.

"பெட்ரோல்ல ஆயில் கலந்துதான் ஊத்தணும். அளவு புத்தகத்துல இருக்கு, இந்தா நகல். மறந்துடாத, எஞ்சின் இறுகிப் புடிச்சுக்கும்."

"அக்கா, நான் பைக் ஓட்டாத ஆளா? பெட்ரோல் போடறதுக்கும் பாடமா?" காகிதங்களை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டான்.

ஊர்வலம் முடிந்து திரும்பும்போது நெடுஞ்சாலையில் எஞ்சின் இறுகியது. பின்சக்கரம் அப்படியே நின்றுபோனதில் தம்பி தூக்கி எறியப்பட்டான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. அம்மாவும் அவளும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். கட்டிலைச் சுற்றி அவன் ஆபீஸ்காரர்கள்.

"இவங்கதான் வண்டிய ரிப்பேர் பண்ணின அக்காவா?" என்றார் ஒருவர். எல்லோரும் அவளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்கள் போன பிறகு அம்மா மருந்து வாங்க இறங்கினாள். அக்கா கட்டிலருகே குனிந்தாள்.

"ஆயில் கலந்தியா?"

அவன் கூரையைப் பார்த்தான். "வழியில டேங்க் காலியாச்சு. பங்க்ல பின்னால ஆள் நிக்கறாங்க. எவன்க்கா நின்னு கலந்துட்டு இருப்பான்?"

"அம்மா வந்ததும் இதைச் சொல்லு."

அவன் தலையாட்டினான். அம்மா வந்தாள். மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், நெற்றியைத் தடவினாள். "உயிர் பொழச்சதே பெரிசு. தெரியாத வேலையில எதுக்குடி கைய வெச்ச?" என்று அவளைப் பார்த்துக் கேட்டாள். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். தூங்கவில்லை, இமை துடித்துக்கொண்டிருந்தது.

"வெறும் பெட்ரோல் ஊத்தியிருக்கான்மா. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"அடிபட்டுக் கெடக்கறவன்கிட்ட இப்போ கணக்குத் தீக்கணுமா?"

அவள் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

சில நாள் கழித்துக் கடையில் இருக்கும்போது நெடுஞ்சாலைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன் வந்தது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக் கிடக்கிறதாம், வண்டியை எடுத்துப் போகிறீர்களா, இல்லை உடைத்து இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டார்கள்.

"அது தம்பி பேர்ல இருக்குங்க. அவனைக் கேட்டுக்கோங்க."

"அவரைக் கேட்டோம்மா. உங்களைக் கேக்கச் சொன்னாரு."

அவளுக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கிற மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. "உடைச்சுடுங்க" என்றாள். மெஷினை நிறுத்தி, அதில் இருந்த லென்ஸை எடுத்துப் பார்த்தாள். ஓரம் அதிகமாகத் தேய்ந்துபோயிருந்தது. எந்த ஃபிரேமிலும் நிற்காது. குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்து மாட்டினாள்.